பழைய கோல்ட் ரிவால்வரில் அசலைக் கண்டறிதல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ரிவால்வர் ஒன்றின் அசல் தன்மையையும் மதிப்பையும் கணிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது என்பதால், அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்து வாங்குகிற, அதனாலேயே அதிகமாகப் போலி செய்யப்படுகிற ஒரே ஒரு ரிவால்வரை எடுத்துக்கொள்கிறேன். கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கோல்ட் நிறுவனம் 1873 முதல் 1940 வரை தயாரித்த 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி'தான் அது. முதல் தலைமுறை என்று சொல்லப்படும் இந்தக் காலத்தில் வரிசை எண்கள் 3,57,000-ஐயும் தாண்டிவிட்டன. அவற்றில் ஏறத்தாழ 37,000 ரிவால்வர்களை அமெரிக்க அரசு தன் படைக்காக வாங்கியது.

கையில் வாங்கியவுடன் முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்து, பலரும் செய்வது போல் எண்ணைத் தேடிப் போகாமல், விளிம்புகளையும் திருகாணிகளையும் பார்ப்பது என் வழக்கம். தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்பில் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். திருகாணி அமரும் துளையின் வாய் தட்டையாக இருக்கும். பின்னாளில் யாரோ துருவைப் போக்கப் பட்டைச் சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக நீலம், அதாவது இரும்பைத் துருவிலிருந்து காக்கும் நீலநிற மேற்பூச்சு, ஏற்றியிருந்தால், விளிம்பு மழுங்கும், துளையின் வாய் கிண்ணம் போல் குழியும், பொறித்த எழுத்தின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தேய்ந்தும் நிற்கும். துரு அரித்த குழிக்குள்ளேயே நீலம் மின்னினால் சந்தேகத்துக்கே இடமில்லை: துரு முதலில் வந்திருக்கிறது, நீலம் பிறகுதான் வந்திருக்கிறது. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மங்கிப் பழுப்பேறிய அசல் ரிவால்வருக்கு, பளபளவென்று மறுபூச்சுப் பெற்றதைவிடப் பெரும்பாலும் அதிக விலை கிடைக்கிறது. மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்சட்டத்தின் மேல் எலும்புக்கரியில் பதப்படுத்தியதால் படரும் நீலமும் பழுப்பும் கலந்த வண்ணம் வெளிச்சத்திலும் உரசலிலும் மங்கும். கை அடிக்கடி படும் இடத்தில் அது பளிச்சென்றும், படாத மறைவிடத்தில் மங்கியும் இருந்தால் கதை தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

இனி எண்கள். உடற்சட்டத்தின் அடியில் ஒன்று, விசைக் காப்பில் ஒன்று, கைப்பிடியின் பின்பட்டையில் ஒன்று என மூன்று இடங்களில் வெளிப்படையாகவே எண் இருக்கும். படைக்குச் சென்றவற்றில் தோட்டா நிரப்பும் உருளையிலும் குழலிலும்கூட அதைக் காணலாம். ஏழரை அங்குலக் குழலுள்ள குதிரைப்படை ரிவால்வரில் இவை எல்லாம் ஒத்திருப்பதையே சேகரிப்பவர் எதிர்பார்க்கிறார். ஆனால் எண்கள் ஒத்திருந்தால் அசல், ஒத்திராவிட்டால் கலப்படம் என்ற பாடத்தை மனப்பாடம் செய்தவர் இங்கேதான் சறுக்குவார். 1895 முதல் 1903 வரை படைத்துறை பழைய குதிரைப்படை ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, பாகங்களைக் குவியலாகப் போட்டுச் சீர்செய்து மீண்டும் பூட்டியது. 'ஆர்ட்டிலரி' (பீரங்கிப்படை) என்று இன்று பெயர் பெற்ற அந்த ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றில் எண்கள் கலந்தே இருக்கும். அந்தக் கலப்புதான் அவற்றின் அசல் நிலை. அப்படிப்பட்ட ஒன்றில் எல்லா எண்களும் அழகாக ஒத்திருந்தால் நான் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துவிடுவேன்.

இந்தக் கலப்பையே மூலதனமாக்கும் கைவேலைக்காரர்களும் உண்டு. ஆர்ட்டிலரி ஒன்றை வாங்கி, நீண்ட குழல் பூட்டி, எண்களை அழித்துப் புதிதாகக் குத்தி, குதிரைப்படைத் துப்பாக்கியாக விற்றுவிடுவார்கள். ஆர்வில் எய்ன்ஸ்வர்த் என்ற அரசு ஆய்வாளரின் முதலெழுத்துகள் பொறித்த தொடக்க கால ரிவால்வர் என்றால் ஆசை இன்னும் கூடுகிறது. அவர் சோதித்தவற்றில் சில ஏழாம் குதிரைப்படைக்குப் போயின; 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் பூர்வகுடி வீரர்களோடு நடந்த போரில், தளபதி கஸ்டரோடு ஒரு பகுதி வீழ்ந்த படை அது. அழித்துக் குத்திய எண் இருக்கும் பரப்பு சுற்றியுள்ள இரும்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நகம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

விலையைத் தீர்மானிப்பதில் நாட்டின் சட்டத்துக்கும் பங்குண்டு. 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது. கைமாறுவது எளிது என்பதால் வாங்குவோர் கூட்டமும் பெரிது.

எல்லாம் முடிந்த பிறகே கோல்ட் ஆவணக் காப்பகத்தின் கடிதத்தைப் பார்ப்பேன். குறிப்பிட்ட எண்ணுள்ள ரிவால்வர் எந்த நாளில், என்ன குழல் நீளத்தோடும் பூச்சோடும் யாருக்கு அனுப்பப்பட்டது என்று அது சொல்லும். ஒருமுறை ஒருவர் நீலமேற்றிய ஏழரை அங்குல ரிவால்வரையும் அதன் கடிதத்தையும் பெருமையோடு என் முன் வைத்தார். கடிதத்தில் இருந்ததோ நிக்கல் பூச்சும் நாலேமுக்கால் அங்குலமும். அவர் விலையைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.