ஜெர்மன் போர்க் கைதிகள் வெட்டிய குட்டி மிசிசிப்பி: ஒரு நாள் வெள்ளம் 5.4 நிமிடத்தில்!

வணக்கம் நண்பர்களே! ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஒரு மைல் தாண்டிவிடலாம், அப்படி ஒரு இடம் அமெரிக்காவில் இருக்கிறது. மிசிசிப்பி, மிசௌரி, ஒஹாயோ, அர்கன்சா என்று அத்தனை ஆறுகளும் ஒரு காலத்தில் அங்கே காலடியில் ஓடின. வெள்ளம் எப்படிப் போகும் என்று தண்ணீர் விட்டுப் பார்க்க, 200 ஏக்கரில் இந்த ஆறுகளின் குட்டி மாதிரியைக் கட்டியது அமெரிக்க ராணுவம். மண் வெட்டியது யார் தெரியுமா? ஹிட்லரின் ஆப்பிரிக்கப் படையிலிருந்து பிடிபட்டு வந்த ஜெர்மன் வீரர்கள். பாலைவனத்தில் சண்டை போட்டவர்கள் கடல் கடந்து வந்து ஆறு வெட்டினார்கள்!

ராணுவத்துக்கு ஆற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் வெள்ளத் தடுப்பையும் படகுப் போக்குவரத்தையும் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது ராணுவப் பொறியாளர் படைதான். கரையை உயர்த்திக்கொண்டே போனால் போதும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1927ல் மிசிசிப்பி கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்து லட்சக்கணக்கான மக்களை வீடில்லாமல் ஆக்கியது. அதற்கப்புறம் 1929ல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் ஊரில் ஒரு நீரியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். சரி, வரலாறு இவ்வளவு போதும், குட்டி ஆற்றுக்கு வருவோம்.

1943ல் அதே மாநிலத்தில் கிளிண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வேலை ஆரம்பமானது. நீள அகலத்தில் 2,000ல் ஒரு பங்கு என்று அளவு வைத்தார்கள். ஒரு மைல் அங்கே சுமார் 80 சென்டிமீட்டர். அதே அளவை ஆழத்துக்கும் வைத்தால் என்ன ஆகும்? 10 மீட்டர் ஆழமுள்ள ஆறு வெறும் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். தரையில் டம்ளர் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், மெல்லிய தண்ணீர் ஆறு மாதிரி ஓடாது, திட்டுத் திட்டாகத் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஆழத்துக்கு மட்டும் 100ல் ஒரு பங்கு வைத்தார்கள், 10 மீட்டர் 10 சென்டிமீட்டர் ஆனது.

அதில் இன்னொரு சிக்கல் வந்தது. நீளத்தை அவ்வளவு குறைத்து உயரத்தைக் கொஞ்சமாகக் குறைத்தால் சரிவு 20 மடங்கு செங்குத்தாகிவிடும், தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதைத் தடுக்க ஆற்றுப்படுகையைச் சொரசொரப்பாக்கினார்கள். கரையோரக் காடுகள் இருக்கும் இடத்தில் கம்பி வலையை விசிறி மடிப்பாக மடித்து நட்டு வைத்தார்கள். நிஜ வெள்ளத்தை மரங்கள் எவ்வளவு தடுக்குமோ அவ்வளவு அந்த வலை தடுக்க வேண்டும். பழைய வெள்ளக் கணக்கைப் போலவே குட்டி ஆறும் நடந்துகொள்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். இந்தப் பொறுமைக்கு நான் அப்படியே விழுந்துவிட்டேன்! நிஜ ஆற்றில் ஒரு அடி ஏறினால் இங்கே ஏறுவது 3 மில்லிமீட்டர், அதை அளந்துதான் ஊர்களைக் காலி செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நேரமும் சுருங்கிவிடும், ஒரு முழு நாள் சுமார் 5.4 நிமிடத்தில் ஓடி முடியும், ஒரு வருடம் முழுவதையும் ஓட்ட 33 மணி நேரம் போதும்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 1952 ஏப்ரலில் மிசௌரி பொங்கியபோது மாதிரி முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. இருந்தும் இரவு பகல் பாராமல் அதில் வெள்ளத்தை ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் கரை தாண்டும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒமாஹா, கவுன்சில் பிளஃப்ஸ் நகரங்களில் அதை வைத்துக் கரையை உயர்த்தினார்கள், இரண்டு ஊரும் தப்பின. வீடியோவை இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள், 1952ல், இன்று போல ஒரு கணினிகூட இல்லாமல்!

மாதிரி முழுமையானது 1966ல். அதற்குள் கணினி வந்துவிட்டது. 1973 வெள்ளத்துக்கும் ஓட்டினார்கள், பிறகு மெல்ல மெல்ல கைவிட்டார்கள். விக்ஸ்பர்க் கூடம் வளர்ந்து இன்று நான்கு மாநிலங்களில் ஏழு ஆய்வகங்கள் உள்ள மையத்தின் தலைமையிடமாகிவிட்டது. அதில் பனிப்பகுதிக்கென்றே ஒரு ஆய்வகம் இருக்கிறது, அலாஸ்காவில் உறைந்த மண்ணைக் குடைந்து சுரங்கமே வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.

குட்டி மிசிசிப்பியோ ஜாக்சன் நகரப் பூங்கா ஒன்றுக்குள் புதர் மண்டிக் கிடந்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் வெட்டி வெட்டிச் சுத்தம் செய்து வருகிறார்கள். கான்கிரீட் வெடித்து நடுவில் மரம் முளைத்திருக்கிறது, ஆனாலும் ஆற்றின் வளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. இதை நாட்டின் நினைவுச் சின்னமாகவே காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் திருவள்ளூர் பக்கம் பூண்டியில் இருக்கும் அரசு நீரியல் ஆய்வு நிலையத்திலும் அணைகளுக்கு இப்படி மாதிரி கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள், கல்லூரியிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், எந்த அணையின் மாதிரியைப் பார்த்தீர்கள், அதில் தண்ணீர் எப்படி ஓடியது என்று. அடுத்த வீடியோவை உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.