நாப் லாஜ்வே: தன் பெயரையே அணிக்குத் தந்த ஆட்டக்காரர்

[காட்சி: பழைய ரயில் நிலையத்தின் கறுப்பு வெள்ளைப் படம்]

1902ஆம் ஆண்டு கிளீவ்லாந்து பேஸ்பால் அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடச் சென்றபோதெல்லாம், அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் மட்டும் உடன் செல்லவில்லை. பின்னாளில், 1937இல், பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான, 'நாப்' என்று அழைக்கப்பட்ட நெப்போலியன் லாஜ்வேதான் அவர். பென்சில்வேனியா மாநிலத்தில் அவர் ஆடுவதற்கு நீதிமன்றத் தடை இருந்தது.

ரோட் ஐலண்டின் ஊன்சாக்கெட் நகரில் 1874இல் பிறந்த லாஜ்வே, சிறு வயதிலேயே துணி ஆலை வேலைக்குப் போனவர். 1896இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணியில் சேர்ந்து, ஓடுபவர் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில் இரண்டாவதைக் காப்பவராக நிலைபெற்றார். ஆனால் ஃபில்லீஸ் ஆடிய போட்டித்தொடரான நேஷனல் லீக் அப்போது ஆட்டக்காரரின் ஆண்டுச் சம்பளத்துக்கு 2,400 டாலர் என உச்சவரம்பு விதித்திருந்தது. ஆகவே 1901இல் அமெரிக்கன் லீக் அதற்குப் போட்டியாக எழுந்ததும், அதே நகரின் அத்லெடிக்ஸ் அணிக்கு மாறினார்.

[காட்சி: 0.426 என்ற எண்]

அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி 0.426. இது கிரிக்கெட்டைப் போல ஓட்டக் கணக்கு அன்று. கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளுக்கு 426 ஹிட் (பந்தை அடித்துப் பேஸை அடைவது) என்ற விகிதம். எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிக்கப்படும் ஃபவுல் பந்தை, மூன்று சேர்ந்தால் ஆட்டமிழக்கச் செய்யும் ஸ்ட்ரைக்காக எண்ணும் விதி அமெரிக்கன் லீக்கில் 1903இல்தான் வந்தது என்பதால், அந்த எண்ணுக்கு விதியும் துணைநின்றது. ஆயினும் அதே விதியின்கீழ் ஆடிய வேறு எவரும் அவரை நெருங்கவில்லை.

அவர் அணி மாறியதை எதிர்த்து ஃபில்லீஸ் வழக்குத் தொடுத்தது. அவருக்கு ஈடாக இன்னொருவர் எளிதில் கிடைக்கமாட்டார் என்பதை ஏற்ற மாநில உச்ச நீதிமன்றம், அவர் வேறு அணிக்கு ஆடக் கூடாது என 1902 ஏப்ரலில் ஃபில்லீஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவருடைய திறமையே அவரைக் கட்டிவைக்கும் காரணமாக ஆனது மனத்தை உறுத்துகிறது. அந்தத் தடை பென்சில்வேனியாவுக்கு வெளியே செல்லாது என்பதால், ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்கு அவர் மாற்றப்பட்டார். அங்கே மக்கள் கொண்டாடிய விதத்தில், 1903 முதல் 1914 வரை அணியின் பெயரே 'நாப்ஸ்' என்றானது.

[காட்சி: பழங்கால சால்மர்ஸ் கார்]

1910இல் சிறந்த சராசரிக்கு சால்மர்ஸ் கார் பரிசு என அறிவிக்கப்பட்டது. டெட்ராய்ட் அணியின் டை காப் முன்னணியில் இருந்தார். காப்பை வெறுத்த, எதிரணியான செயின்ட் லூயிஸின் மேலாளர், கடைசி நாளில் தன் மூன்றாம் பேஸைக் காக்கும் இளைஞரை, மெல்லத் தட்டிய பந்துகள் எட்டாதபடி மிகவும் பின்னால் நிற்கச் செய்தார். லாஜ்வே அன்று இரு ஆட்டங்களில் எட்டு ஹிட் எடுத்தார். பெரும்பாலானவை மெல்லத் தட்டிய பண்ட்கள். மயிரிழையில் காப் வென்றதாக லீக் அறிவித்தது. நிறுவனம் இருவருக்கும் கார் தந்தது. மேலாளர் வேலையை இழந்தார். காப்பின் ஓர் ஆட்டம் இருமுறை எண்ணப்பட்டிருந்தது 1981இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

1914இல் 3,000 ஹிட்டைத் தொட்ட லாஜ்வே, 1915இல், நாற்பது வயதில், நீதிமன்றம் தன்னை விலக்கிவைத்த அதே அத்லெடிக்ஸ் அணிக்குத் திரும்பி, இரண்டு ஆண்டுகள் ஆடினார்.