அக்காவின் பின்னல்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் இரு அணி நண்பர்களுக்கும் வணக்கம்.

"அச்சத்தை வெல்லப் பெரிதும் துணை நிற்பது உள்ளத்தின் மாற்றமா, தோற்றத்தின் மாற்றமா" என்பது தலைப்பு. நான் தோற்றத்தின் பக்கம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் அக்காவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருத்துவர் கட்டியின் அளவைச் சொன்னார், அறுவைச் சிகிச்சை பற்றிச் சொன்னார், அதற்கு முன் கீமோ கொடுக்க வேண்டும் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "முடி கொட்டும்மா, இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், சிகிச்சை முடிந்ததும் திரும்ப வளரும்" என்று அவர் சொன்னபோதுதான் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் பின்னல் அவளுக்கு. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் வெள்ளிக்கிழமைச் சீயக்காயுமாக அம்மாவின் கையால் வளர்ந்த முடி அது.

முதல் கீமோ ஏறியதற்கு மறுநாளிலிருந்து அக்கா எழுந்ததும் பார்த்தது தலையணை உறையைத்தான். உதிர்ந்து கிடக்கும் முடியை ஒவ்வொன்றாக எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணி, ஒரு தாளில் மடித்து வைத்தாள். சீப்பைத் தொட அச்சம், தலைக்குக் குளிக்க அச்சம், மின்விசிறிக்கு அடியில் உட்காரவும் அச்சம். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். "மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொன்னோம். எதிரணி இன்று சொல்வதும் அதைத்தான். பன்னிரண்டு நாள் சொன்னோம். பதின்மூன்றாம் நாள் காலையில், தெருமுனையில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநரை வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னாள். கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். தலையை முழுவதும் மழித்துக்கொண்டு எழுந்தாள். அன்று இரவு அந்த விளக்கு எரியவில்லை.

அந்தக் கொல்லைப்புறத்தில் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்குள், எங்கள் அணித்தலைவர் பேசியபோது எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். "மொட்டை போட்டால் பயம் போகும் என்றால், பழனியில் நாள்தோறும் ஆயிரம் வீரர்கள் அல்லவா பிறக்க வேண்டும்?" என்று கேட்டார். அவை கைதட்டியது. நானும் அந்தக் கேள்வியை அங்கேயே உட்கார்ந்து நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன்.

பழனி அடிவாரத்தில் முடி இறக்க நிற்கும் வரிசையில் யார் நிற்கிறார்கள், நடுவர் அவர்களே? மூன்று நாள் காய்ச்சலில் அனலாய்க் கொதித்த பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, கொடுக்க வேண்டிய மருந்தையெல்லாம் கொடுத்துவிட்டு, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு, விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "முருகா, பிள்ளையைக் காப்பாற்று, உன் மலைக்கு வந்து முடி இறக்குகிறேன்" என்று நள்ளிரவில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த தாய் நிற்கிறாள். அந்த இரவில் அவளால் வேறு என்ன செய்திருக்க முடியும்? காய்ச்சல் அவள் சொன்னால் இறங்காது. மனத்தை மாற்றிக்கொள் என்று சொன்னால், பிள்ளை முனகும் ஒவ்வொரு முனகலுக்கும் அந்த மனம் பழைய இடத்துக்கே திரும்பி வரும். தன்னுடையது என்று எடுத்துத் தர அவளிடம் இருந்தது தலைமுடி. அதைத் தருவதாக வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளால் விடியும்வரை உட்கார்ந்திருக்க முடிந்தது. அதுவரை அச்சமாக இருந்தது, அந்த நேரத்திலிருந்து நேர்த்திக்கடன் ஆயிற்று. அச்சத்துக்கு நாள் குறிக்க முடியாது. கடனுக்குக் குறிக்கலாம், பேருந்து ஏறிப் போய்த் தீர்த்துவிட்டு வரலாம். மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, பிழைத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மலையிலிருந்து இறங்கி வருகிறாளே, அவளை நான் வீராங்கனை என்றே சொல்வேன். நண்பர் பழனியை எடுத்துக்காட்டியதற்கு நன்றி சொல்கிறேன். எங்கள் அணிக்கு அதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை.

உள்ளம் கட்டளைக்குப் பணியாது, கை பணியும். நான் சொல்ல வந்தது இதுதான். நள்ளிரவில் "அஞ்சாதே" என்று நூறு முறை சொல்லிப் பாருங்கள், அச்சம் நூற்றோராவது முறையும் வந்து நிற்கும். ஆனால் "கத்தியை எடுத்து வரச் சொல்" என்று ஒருமுறை சொன்னால் அது நடந்துவிடுகிறது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுச் செல்கள் அப்படிப்பட்டவை. மயிர்க்காலில் உள்ள செல்களும் அப்படிப்பட்டவை. அதனால்தான் முடி கொட்டுகிறது. மனத்தை எவ்வளவு திடப்படுத்திக்கொண்டாலும் அது மயிர்க்காலுக்குக் கேட்காது. அக்காவுக்கு ஏறிய மருந்தில் முடி போவது உறுதி என்று சொல்லிவிட்டார்கள். எந்த நாளில், யார் கையால் என்பது மட்டுமே மீதி இருந்தது. அந்த மீதியைத்தான் அவள் நோயிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மழித்தலும் நீட்டலும் வேண்டா" என்று எதிரணித் தலைவர் 280ஆம் குறளைச் சொன்னார். அது துறவறவியலில் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வருகிறது. உள்ளே ஒழுக்கம் இல்லாமல், ஊரை நம்பவைப்பதற்காகத் துறவிக்கோலம் பூண்டவனைப் பார்த்து வள்ளுவர் சொன்னது அது. என் அக்கா யாரை நம்பவைக்கக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்?

உள்ளம் மாறிய பிறகுதானே உடை மாறும் என்று இன்னொருவர் கேட்டார். நாம் கூடியிருக்கும் இந்த மதுரையிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தியடிகள் அரையாடையோடு வெளியே வந்தார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழை மக்கள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அந்த எண்ணம் அன்று புதிதாகப் பிறந்ததில்லை. அதற்கு முன்பும் எழுந்தது என்றும், தயங்கினேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் உள்ளம் முன்பே மாறிவிட்டது. மாறிய உள்ளம் தயக்கத்தோடு ஊர் ஊராகக் காத்திருந்தது. அந்தத் தயக்கம் உடைந்தது மேலாடையைக் களைந்தபோதுதான். அக்டோபர் 31 வரை என்று சொல்லித் தொடங்கியவர், பத்து ஆண்டுகள் கழித்து 1931இல் லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்கும் அதே கோலத்தில் போய் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தார். புதிய ஆத்திசூடியை "அச்சம் தவிர்" என்று தொடங்கிய பாரதியும், காசியில் இருந்த இளம் வயதிலேயே குடுமியை எடுத்து மீசை வைத்துக்கொண்டவர் என்பதை நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

நடுவர் அவர்கள் மணியை அடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள். கொல்லைப்புறத்துக்குத் திரும்ப வேண்டும்.

கத்தியும் கிண்ணத்தில் தண்ணீருமாக வந்த பெரியவர், அக்காவின் மூத்த மகனுக்கு எங்கள் குலதெய்வக் கோயிலில் முதல் முடி இறக்கியவர். அன்று தாய்மாமன் என்ற முறையில் என் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அக்கா முக்காலியில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரச் சொன்னாள். "பெரியவனுக்கு உன் மடியிலதானேடா முடி இறக்குனோம்? அவன் அழுத அழுகைக்கு நீ என்ன சொல்லிக்கிட்டே இருந்தே?" என்று கேட்டாள். எனக்கு நினைவிருந்தது. "இதோ முடிஞ்சிருச்சு, இதோ முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "அதையே இப்பவும் சொல்லு" என்றாள். குனிந்து, என் முழங்கால்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சொன்னேன். பெரியவர் பின்னலின் அடியைக் கத்தரித்து, சுருட்டி, துவைகல்மேல் வைத்தார். அது வைத்த இடத்திலேயே மெதுவாகப் பிரிந்து நீண்டது. தண்ணீர் தொட்டுத் தடவி, உச்சியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஒரு வகிடு தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெரியவர் கையும் நின்றுவிட்டது. கத்தி பிடித்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கொல்லையில் சத்தமே இல்லை. அப்போது என் முழங்காலில் முகம் புதைத்திருந்த அக்காவின் குரல் கேட்டது: "அண்ணே, நிறுத்தாதீங்க. இதோ முடிஞ்சிருச்சு."

அவள் சொன்னாள், நடுவர் அவர்களே. நோய் யாருக்கு வந்ததோ அவள் சொன்னாள். பன்னிரண்டு நாள் நாங்கள் அவளுக்கு ஊட்ட முயன்ற தைரியத்தை, பாதி மழித்த தலையோடு அவள் எங்களுக்குக் கொடுத்தாள். மிச்சக் கீமோ அத்தனைக்கும் தலையில் முக்காடு இல்லாமல் பேருந்தில்தான் போய்வந்தாள். முடி திரும்ப வந்தபோது பழைய முடியாக இல்லாமல் சுருட்டையாக வந்தது.

அம்மா மட்டும் அன்று கொல்லைக்கு வரவே இல்லை. கணவனை இழந்த பெண்ணுக்குத் தலை மழித்த காலத்தைத் தன் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவள் அவள். பூவும் பொட்டுமாக இருக்கும் மகளை அந்தக் கோலத்தில் பார்க்கக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டிலேயே அதிகம் அஞ்சியது அம்மாதான். மாலையில் பூக்காரம்மா குரல் கொடுத்ததும் பழக்கத்தில் வெளியே வந்து எப்போதும்போல ஒரு முழம் மல்லிகை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். அக்கா நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "குடும்மா" என்று திரும்பி உட்கார்ந்தாள், எப்போதும் பூ வைத்துக்கொள்ளத் திரும்பி உட்காருவதைப் போலவே.

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்த ஒரு முழம் மல்லிகையையும் அக்காவின் தோளில் முந்தானையோடு சேர்த்துக் குத்தினாள். குத்திவிட்டு, கையை எடுக்காமல் மேலே கொண்டுபோய், அந்த மொட்டைத் தலைமேல் வைத்தாள்.

நன்றி. வணக்கம்.