மேகத்துக்கு மேலே ஒரு ஹெட்லைட்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ராத்திரியில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காய்ந்த சாலை ஹெட்லைட்டில் நன்றாகத் தெரியும். நனைந்துவிட்டால் அதே விளக்கு, அதே தார்ச்சாலை, ஆனால் முன்னால் ஒரே கறுப்பு. வெளிச்சம் போகிறது, திரும்பி வருவதில்லை. வழவழப்பான தண்ணீர் அதை அப்படியே முன்னால் தள்ளிவிடுகிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் செயற்கைக்கோளில் பாதி இதுதான்.

சாதாரணக் கேமரா செயற்கைக்கோள் சூரியனை நம்பி இருப்பது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவை மேகம் மூடினால் அதற்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். சம்பா வளர்வதும் வெள்ளம் வருவதும் அந்த மாதங்களில்தானே! ரேடார் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகிறது. சில சென்டிமீட்டர் நீள ரேடியோ அலை, மேகத்தைத் தாண்டித் தரையில் பட்டுத் திரும்பும். இஸ்ரோ 2012-ல் அனுப்பிய ரிசாட்-1 அந்த வகைதான். நடவு வயலில் தண்ணீர் நிற்கும்போது படம் கறுப்பு. பயிர் தூர் கட்டக் கட்ட வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்களில் நெல் பரப்பைக் கணக்கிடுவது இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளப் படத்தைக் கொடுத்தார்கள். கறுப்பெல்லாம் தண்ணீர் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு கிராமம் பளீரென்று வெள்ளையாக இருந்தது. மேட்டு நிலம், தப்பித்தது என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, "வெளுத்ததெல்லாம் பாலா தம்பி?" என்றார். தெருவில் தண்ணீர் நின்றால் அலை தண்ணீரில் பட்டு, வீட்டுச் சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். கேரம் போர்டு மூலையில் இரண்டு கட்டையிலும் பட்டு ஸ்ட்ரைக்கர் நம்மிடமே வருமே, அதுபோல. அதனால் ஊர் முன்பைவிட வெளுத்துத் தெரியும். நான் மேடு என்று எழுதிய ஊரில் முழங்காலளவு தண்ணீர்! அன்றிலிருந்து யார் வெள்ளப் படம் காட்டினாலும், வெள்ளத்துக்கு முந்தைய படம் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். காற்றடித்துத் தண்ணீர் சிலுசிலுத்தால் அதுவும் வெளுக்கும், அது வேறு தொல்லை.

சரி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். நிசார் என்ற புது ரேடார் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்து, 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 12 மீட்டர் அகல வலைக்குடை போன்ற ஆன்டெனாவை விரித்து, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்கு வரும். நிலம் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். எப்படி என்றால்... இல்லை, நேரமாகிவிட்டது. வணக்கம்.