ஒரு வயிற்றுவலிக்காரரைப் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். அமெச்சூர் நாடகத்தில் நகைச்சுவை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் ஆரம்பித்தால் நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள், அதனால் ஒரே ஒரு வயிற்றுவலியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1933-ல் தாராபுரத்தில் பிறந்த குண்டுராவ், ரயில்வேயில் கிளார்க். ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு, கதாநாயகன் வேஷத்துக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. நாடகம் ஒன்றில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலி நோயாளி வேஷம். வர வேண்டும், துடிக்க வேண்டும், போய்விட வேண்டும். அன்றைக்குத் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். பேசும்போது அந்தச் சில நிமிஷ நோயாளியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். அவர்தான் நம்ம நாகேஷ்.

வலியில் துடிக்கிறவனைப் பார்த்து ஜனங்கள் ஏன் சிரித்தார்கள்? இதற்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் ஆபீஸ் நாடகத்தில் எனக்குத் தந்தி கொண்டுவரும் ஆள் வேஷம். மேடைக்கு வந்துவிட்டேன், தந்தி உள்ளேயே கிடக்கிறது. சட்டைப் பையைத் துழாவி, கிடைத்த பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன், கதாநாயகன் அதை விரித்து வைத்துக்கொண்டு "அப்பா காலமானார்" என்று அழுதான், அரங்கம் அதிர்ந்தது. சரி, இது நன்றாக இருக்கிறதே என்று அடுத்த முறை வேண்டுமென்றே அதையே செய்தோம். ஒரு இருமல் சத்தம் மட்டும் கேட்டது. முதல் நாள் என் கை நிஜமாகவே தேடியது, இரண்டாம் நாள் சிரிப்பைத் தேடியது, வித்தியாசம் அவ்வளவுதான். நாகேஷுக்கு எத்தனையாவது தடவையானாலும் அது முதல் நாள் கை.

அப்புறம், காத்திருப்பது. சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது அடுத்த வசனத்தைச் சொன்னால் யார் காதிலும் விழாது, முழுக்க அடங்கட்டும் என்று நின்றால் ஆறிப்போய்விடும், பாதி இறங்கும்போது பிடிக்க வேண்டும். இதை ஒத்திகையில் கற்க முடியாது, ஏனென்றால் நாலாவது ஒத்திகையில் நம்ம ஆட்களே சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். காசு கொடுத்தோ கொடுக்காமலோ எதிரே வந்து உட்காருகிறவர்கள்தான் வாத்தியார்கள். சினிமாவில் அந்த எதிர்வரிசை கிடையாது. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்வதைப் பாருங்கள், பாலையா முகம் வெளிற வெளிற இவர் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். எனக்கென்னவோ பாலையாவையே முதல் வரிசையாக வைத்துக்கொண்டு நாடகம் போட்ட மாதிரிதான் தோன்றுகிறது.

முப்பது வருஷம் கழித்து, 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் அவருக்குப் பிண வேஷம். வசனம் இல்லை, கண்ணைத் திறக்கக் கூடாது, இழுத்த பக்கம் சரிய வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். வயிற்றுவலிக்காரருக்காவது முனக அனுமதி இருந்தது.