பெரிய போட்டிக்கு முந்தின நாள் ஸ்டேஜ்களைப் போய்ப் பார்ப்பதா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வரியில் பதில் சொன்னால் கேட்டவருக்கு எந்தப் பயனும் இருக்காது. நேயர் எழுதியிருப்பது இது: "ஐயா, இரண்டு ஆண்டுகளாக சிறிய நடைமுறைத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். முதல் முறையாக ஒரு பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஸ்டேஜ் வரைபடங்கள் முன்கூட்டியே வந்துவிட்டன. ஒரு நாள் முன்னதாக வந்தால் நேரிலும் பார்க்கலாம் என்கிறார்கள். போவதா? போனால் எதைப் பார்ப்பது? அதிகம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று என் நண்பர் சொல்கிறார்."

போய்ப் பாருங்கள். அதற்காக ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் எடுங்கள். உங்கள் நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த நடைமுறைத் துப்பாக்கி சுடுதலுக்கான ஐபிஎஸ்சி என்ற உலக அமைப்பு 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பார்ப்பதுபோல ஓரிடத்தில் நின்று ஒரே இலக்கைச் சுடும் போட்டி அல்ல இது. தடுப்புச் சுவர்கள், ஜன்னல்கள், பீப்பாய்கள் இவற்றுக்கிடையே ஓடி, அட்டை இலக்குகளையும் எஃகு இலக்குகளையும் சுட வேண்டும். இப்படிக் கட்டி வைக்கும் ஒவ்வொரு களமும் ஒரு ஸ்டேஜ். எந்த வழியில் போவது, எதை எங்கிருந்து சுடுவது என்பதைப் பெரும்பாலும் நீங்களேதான் முடிவு செய்கிறீர்கள். கிடைத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். 150 புள்ளியை 20 நொடியில் எடுத்தால் 7.5. அந்த எண்ணை வைத்துத்தான் தரவரிசை.

இனி விஷயத்துக்கு வருவோம். போட்டி நாளில் உங்கள் குழு ஒரு ஸ்டேஜுக்கு வந்து சேர்ந்ததும், விதிகளை வாசித்துக் காட்டிவிட்டு, சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஜன்னல் முன்னால் முண்டியடித்து நிற்பார்கள். எல்லாரும் கையைத் துப்பாக்கிபோல நீட்டிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அங்கே போய் நின்று "இந்த இலக்கு எங்கே இருக்கிறது?" என்று தேட ஆரம்பித்தால் உங்கள் நேரம் தேடுவதிலேயே போய்விடும். அந்த ஐந்து நிமிடம் ஒத்திகைக்கானது. தேடும் வேலையை முந்தின நாளே முடித்துவிட்டு வர வேண்டும். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு போட்டியில் 12 அட்டை இலக்குகள் என்று விதித்தாளில் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தபோது 11 கிடைத்தது. கூட்டத்தில் எங்கோ எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது இலக்கு இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒரு சாண் இடைவெளியில் இருந்தது. குனிந்தால் மட்டுமே தெரியும். நான் குனியவில்லை. அதில் பட வேண்டிய இரண்டு குண்டும் படாததற்கு 10, 10 என்று 20 புள்ளி போயிற்று. அந்த இலக்கை நோக்கிச் சுடவே இல்லை என்பதற்குத் தண்டனையாக இன்னொரு 10. கிடைத்திருக்க வேண்டிய 10 புள்ளியும் இல்லை. மொத்தத்தில் 40 புள்ளி. முதலில் சொன்ன கணக்கிலேயே பாருங்கள்: 150 இருக்க வேண்டிய இடத்தில் 110. அந்த இலக்கைச் சுடாததால் ஒரு நொடி மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், 110-ஐ 19-ஆல் வகுத்தால் 5.8 கூட வராது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தப் பள்ளத்தை அதே ஸ்டேஜில் நிரப்ப முடியாது. முந்தின நாள் நான் அந்த இடத்தில் தனியாகப் பத்து நிமிடம் நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. தாளில் எத்தனை இலக்கு என்று இருக்கிறதோ, அத்தனையையும் கண்ணால் கண்டுபிடிக்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ குனிய வேண்டியிருக்கிறது, அல்லது எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை கூடினால் ஒரே இலக்கு இரண்டு இடங்களிலிருந்து தெரிகிறது என்று பொருள். இந்த இரண்டாவது வகைதான் இன்னும் ஆபத்து. ஜன்னலில் ஒருமுறை சுட்டுவிட்டு, சுவரோரம் வந்ததும் அதே இலக்கை மறுபடியும் சுட்டுவிடுவோம். அல்லது இரண்டு இடத்திலும் "அங்கே சுட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். இலக்கைப் பார்க்காமல், இலக்குக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பேன். மண்மேட்டில் ஒரு கல், ஒரு செடி, சட்டத்தில் ஒரு பிளவு. அதே கல் இரண்டு இடத்திலும் தெரிந்தால் அதே இலக்கு.

வரைபடத்தை மட்டும் நம்பி வீட்டிலேயே முழுத் திட்டம் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். தாளில் மேலிருந்து பார்க்கிறீர்கள்; களத்தில் உங்கள் கண் உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள். உயரமானவருக்குச் சுவருக்கு மேல் தெரிவது உயரம் குறைந்தவருக்குத் தெரியாது. தவிர, கட்டும்போது ஸ்டேஜ்கள் மாறவும் மாறும். தாள் எத்தனை குண்டு, தொடங்கும் நிலை என்ன, எது எஃகு, எது அட்டை என்பதைத் தெரிந்துகொள்ள உதவும். அவ்வளவுதான்.

அடுத்தது மேகசின், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு, மாற்றும் இடம். ஐபிஎஸ்சி புரொடக்‌ஷன் பிரிவில், அதாவது அதிகம் மாற்றாத சாதாரணக் கைத்துப்பாக்கிகளுக்கான பிரிவில், ஒரு மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. நீண்ட ஸ்டேஜில் 32 குண்டுவரை சுட வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு முறை மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கே மாற்றுவது? எங்கே எப்படியும் நாலைந்து காலடி ஓட வேண்டியிருக்கிறதோ அங்கே. ஓட்டத்தோடு ஓட்டமாக மாற்றினால் அதற்குத் தனியாக நேரம் ஆகாது. நின்ற இடத்தில் மாற்றினால் ஒன்றரை நொடி சும்மா போகும். முந்தின நாள் அடிகளை எண்ணி வையுங்கள். ஒவ்வொரு மேகசினிலும் இரண்டு மூன்று தோட்டா மீதி இருக்கும்படி கணக்குப் போடுங்கள். எஃகு இலக்கு முதல் குண்டில் விழும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இங்கே ஒரு பாதுகாப்பு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வலக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது, துப்பாக்கியின் முனை 90 டிகிரியைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். தாண்டினால் போட்டியிலிருந்தே நீக்கம், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைவிடப் பெரியது பின்னால் நிற்பவர்களின் உயிர். அப்படிப்பட்ட ஓட்டம் எந்தெந்த ஸ்டேஜில் இருக்கிறது என்று முந்தின நாளே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுவதா, நின்ற பிறகு மாற்றுவதா என்று அப்போதே தீர்மானியுங்கள். அரை நொடி போனால் போகட்டும்.

அசையும் இலக்குகளைப் பற்றி. ஒரு எஃகுத் தகடு விழுந்ததும் ஒரு அட்டை இலக்கு ஊசல்போல ஆடத் தொடங்கும். தகட்டைச் சுட்டுவிட்டு ஊசலுக்காகக் காத்து நிற்பதா, நடுவில் நிற்கும் இன்னொரு இலக்கை முடித்துவிட்டுத் திரும்புவதா? இதை வரைபடம் சொல்லாது. பெரிய போட்டிகளில் நடுவர்களும் ஊழியர்களும் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னதாகவே தங்கள் சுற்றைச் சுட்டு முடிப்பார்கள். அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தகடு விழுவதிலிருந்து இலக்கு முதல் முறை முழுவதும் தெரிவதுவரை கையில் தாளம் போட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் பயிற்சியில் இரண்டு குண்டு சுட எவ்வளவு ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை வந்துவிடும். ஆனால் உங்கள் பிரிவில், உங்கள் வேகத்தில் சுடுபவரைப் பாருங்கள். மிகச் சிறந்தவர் சுடுவதைப் பார்ப்பது இன்பம்தான். அவர் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வெயிலை மறந்துவிடுகிறார்கள். உங்கள் குழு எந்த ஸ்டேஜை எத்தனை மணிக்குச் சுடப்போகிறது என்று அட்டவணையில் இருக்கும். முடிந்தால் அதே நேரத்தில் போய் நில்லுங்கள். காலையில் பளிச்சென்று தெரிந்த இலக்கு மாலையில் நிழலுக்குள் போயிருக்கும். அல்லது சூரியன் நேராகக் கண்ணில் விழும். கண்ணாடி மாற்ற வேண்டுமானால் அப்போதே தெரியும். தரையையும் பாருங்கள்: சரளைக் கல்லா, மண்ணா, எல்லைக் கட்டை எங்கே ஓடுகிறது என்று.

விதியையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பான நடுவரின் அனுமதி இல்லாமல் ஸ்டேஜுக்குள் நுழையவோ நடக்கவோ கூடாது. கயிறு கட்டியிருந்தால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே விட்டாலும், குறிபார்க்கத் துப்பாக்கியின் பாகமோ, போலித் துப்பாக்கியோ பயன்படுத்தக் கூடாது. உங்கள் விரல்கள் மட்டும்தான். மீறினால் தண்டனைப் புள்ளி. எதையும் தொட்டு நகர்த்தாதீர்கள், இலைகூட.

இப்போது நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். குழப்பம் எப்போது வருகிறது தெரியுமா? ஒரு ஸ்டேஜுக்கு மூன்று திட்டங்களோடு இரவு படுக்கப் போகும்போது. இன்னொருவர் "நான் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவேன்" என்று சொன்னதைக் கேட்டு மனம் மாறும்போது. உலகப் போட்டி அளவில் 30 ஸ்டேஜ்கள் இருக்கும். உங்கள் போட்டியில் அதில் பாதி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் முழுத் திட்டத்தை மனதில் சுமக்க முடியாது. சுமக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் சின்ன நோட்டில் ஒரு பக்கம் போதும்: எத்தனை இலக்கு, ஒளிந்திருப்பது எங்கே, மேகசின் எங்கே மாற்றுவது, எது ஆபத்து. நாளைக்குச் சுடவிருக்கும் ஸ்டேஜ்களை மட்டும் இரவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மற்றவற்றின் பக்கத்தைத் திறக்காதீர்கள். வெயிலில் நாள் முழுக்க நடந்து கால் சோர்ந்துபோகும் அளவுக்கும் பார்க்காதீர்கள். மறுநாள் அதே காலில்தான் ஓட வேண்டும்.

மறுநாள் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் நேராக முதல் இடத்துக்குப் போகலாம். முந்தின நாள் பார்த்தது மாறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். மாறியிருந்தால் அதை மட்டும் திருத்துங்கள். பிறகு தொடக்கம் முதல் முடிவுவரை அதே வரிசையில் நடங்கள், திரும்ப நடங்கள். உங்கள் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போது ஓரமாக வந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மண்மேட்டில் அந்தக் கல், ஜன்னல் சட்டத்தில் அந்தப் பிளவு, கால் வைக்க வேண்டிய இடம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு இலக்கு மங்கலாக இருந்தால், உங்கள் பெயரைக் கூப்பிடும் முன் அந்த ஒன்றை மட்டும் இன்னொருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.