கழட்டச் சொன்ன டிஸ்க் எப்போ கழலும்?

வணக்கம். விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள மென்பொருளா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓடிட்டு இருக்கும்போதே அதுல இருந்து ஒரு டிஸ்க்கையோ நெட்வொர்க் கார்டையோ உருவி எடுக்கறதைப் பத்தி பேசச் சொன்னாங்க. லினக்ஸ்ல இந்த மெஷின்களை ஓட்டுற கேவிஎம், க்யூஎம்யூ மென்பொருளை வச்சு வேலை பாக்குறவங்க தினமும் செய்யுறதுதான் இது, ஆனா நடுவுல மெஷின் ரீசெட் ஆயிட்டா என்ன ஆகும்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க.

முதல்ல ஒண்ணு. க்யூஎம்யூல டிவைஸைக் கழட்டச் சொல்ற டிவைஸ் டெல்னு கமாண்ட் கொடுத்தா டிஸ்க் போயிடாது, உள்ள ஓடுற ஓஎஸ்கிட்ட ஏசிபிஐ (ஹார்டுவேரும் ஓஎஸ்ஸும் பேசிக்கற முறை) வழியா "இதை விட்டுடு"ன்னு ஒரு தகவல் போகும், அவ்வளவுதான். குடியிருக்கறவர்கிட்ட காலி பண்ணச் சொல்ற மாதிரி, சொன்ன உடனே வீடு காலியாகாது. உள்ள இருக்கற கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) அந்த டிஸ்க்கோட டிரைவரை விடுவிச்சு, "எடுத்துக்கலாம்"னு சொல்ற எஜெக்ட் ரிஜிஸ்டர்ல எழுதினாதான் க்யூஎம்யூ டிவைஸை எடுத்துட்டு டிவைஸ் டெலீட்டட்னு ஒரு ஈவென்ட், அதாவது அறிவிப்பு, அனுப்பும். க்யூஎம்யூவுக்கு மேல இருந்து அதை நிர்வகிக்கற லிப்வர்ட்ங்கற மென்பொருள் இதுக்காக சாதாரணமா 5 விநாடி பாக்கும், அதுக்குள்ள ஆகலைன்னாலும் எரர் காட்டாம திரும்பிடும், நாம சரி முடிஞ்சுதுன்னு அடுத்த வேலைக்குப் போயிடுவோம்.

இப்ப அந்த மெஷின் அப்பதான் பூட் ஆகுது, ஓஎஸ் எழும்பறதுக்கு முன்னாடி வர்ற க்ரப் மெனுல நிக்குதுன்னு வைங்க. கேக்க ஆளே இல்ல. ரிக்வெஸ்ட் பெண்டிங்லயே கிடக்கும்.

இந்த நிலைமையில ரீசெட் வந்தா? பெண்டிங்ல இருக்கற ரிமூவலை க்யூஎம்யூ அங்கயே முடிச்சுடும், அதோட டாக்குமெண்டேஷன்லயே இது இருக்கு. காரணம் நியாயமானதுதான், ரீசெட் ஆனா பழைய கெர்னலும் இல்ல டிரைவரும் இல்ல, அந்த டிஸ்க்கை யாரும் பிடிச்சுட்டு இல்ல, அப்ப யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்? ரிக்வெஸ்ட்டை மறந்துட்டு டிஸ்க்கை திரும்பக் காட்டியிருந்தா, வெளிய ஈவென்ட்டுக்காக காத்துட்டு இருக்கறவன் காத்துட்டே இருப்பான், புதுசா பூட் ஆன ஓஎஸ் அதே டிஸ்க்கை மறுபடி மவுண்ட் பண்ணி எழுத ஆரம்பிச்சுடும். பவர் பிசி ப்ராசஸருக்கு க்யூஎம்யூ தர்ற பிசீரீஸ்ங்கற மெஷின் வகையிலயும் இதே வழக்கம்தான்.

தலைவலி மேல இருக்கற மென்பொருளுக்குத்தான். "கழலல, இன்னும் மாட்டிதான் இருக்கு"ன்னு கணக்குல எழுதி முடிச்ச அப்புறம், யாரோ உள்ள ரீபூட் அடிக்க, அரை மணி கழிச்சு டிவைஸ் டெலீட்டட் ஈவென்ட் வந்து நிக்கும். அதைக் கேக்காத ஸ்க்ரிப்ட்டு பொய்க் கணக்கைத்தான் காட்டும், என்னைக் கேட்டா கமாண்டோட பதிலை விட ஈவென்ட்டைத்தான் நம்பணும். கிளவுட்ல மெஷின்களை நடத்துற ஓப்பன்ஸ்டாக் நோவாவே இப்ப அந்த ஈவென்ட்டுக்கு காத்திருந்து, டிஃபால்ட்டா 20 விநாடி பாத்து, வரலைன்னா மறுபடி ட்ரை பண்ணுது, மொத்தம் 8 தடவை.

இன்னொண்ணு, ரீசெட் வேற ஷட்டவுன் வேற. ரீசெட்ல அதே க்யூஎம்யூ ப்ராசஸ் ஓடிட்டே இருக்கும். முழுசா அணைச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா லிப்வர்ட் சேவ் பண்ணி வச்ச கான்ஃபிகை எடுத்துதான் மெஷினை எழுப்பும், அதனால லிப்வர்ட்ல வெறும் லைவ்னு (ஓடிட்டு இருக்கற மெஷினுக்கு மட்டும்) கொடுத்து கழட்டியிருந்தீங்கன்னா டிஸ்க் அப்படியே திரும்பி வந்து உக்காந்திருக்கும், நிரந்தரமா போகணும்னா சேவ் பண்ணதையும் மாத்தற கான்ஃபிக் ஆப்ஷனையும் கூடவே கொடுங்க.